மீனின் கிருமியும் மனிதனின் கிருமியும்

நன்னீர்நிலைகளில் சகஜமாக வாழ்ந்து, சமயம் வாய்த்தபோது மீன், தவளை முதலிய குளிர்ரத்தப் பிராணிகளுக்குப் புண்ணும் மரணமும் விளைவிக்கும் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாக்களின் இனப்பாகுபாட்டை, 1891இல் தவளைகளிடம் சனரெல்லி என்பவர் அவற்றுள் ஒன்றைக் கண்டறிந்த காலந்தொட்டு, விஞ்ஞானிகள் பலமுறை திருத்தியமைத்திருக்கிறார்கள். டாக்கா நகரில் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளிடம் கிடைத்த ஏரோமோனாஸ் கிருமியை 2002இல் ஹைட்ரோபிலா என்னும் இனத்தின் உட்பிரிவாகச் சேர்த்தார்கள். அலங்கார மீன் தொட்டிகளில் கிடைத்ததையோ 2008இல் அக்வேரியோரம் என்ற தனி இனமாக அறிவித்தார்கள். மரபணுக்களை ஒப்புநோக்கியபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிவாகி, 2013இல் டாக்கென்சிஸ் என்னும் ஒரே இனமாயின. இஃது ஏட்டளவில் நிற்கும் பாகுபாடன்று. மீனையும் மனிதனையும் ஒருங்கே பீடிக்கவல்ல கிருமியைச் சரியாக இனங்கண்டால்தான் உரிய ஔஷதத்தைத் தேர்ந்து, நோயின் மூலத்தையும் அறிய இயலும். ஆதலால் மீன்நோய் ஆராய்ச்சியும் மனித வைத்தியமும் இணைந்து இயங்குவது அத்தியாவசியம்.