துபாயில் இருக்கும் மகன் பெயரில் புஞ்சை வாங்கலாமா?

மண் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் சங்கரன்கோவில் பக்கத்து விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பையன் துபாயில் இருக்கான். அனுப்பின பணத்தில் அவன் பேருக்கே ரெண்டு ஏக்கர் கரிசல் முடிச்சிரலாமா?"

கூடாது. வேலைக்காக வெளிநாடு போனவர் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும், அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி (ஃபெமா, 1999) அவர் வெளிநாடுவாழ் இந்தியர். வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே தடைதான்.

"பவர் கொடுத்து முடித்தோம், பத்திரமும் பதிவாகிவிட்டது" என்று நிம்மதி அடைய வேண்டாம். பத்திரம் பதிவானதால் ஃபெமா மீறல் சரியாகிவிடாது. சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம், சொத்தும் பறிமுதலாகலாம்.

எதற்கெல்லாம் தடை இல்லை?

• வெளிநாடு போகும் முன் இங்கே வசித்தபோது வாங்கிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.
• அப்பா, தாத்தா வழியில் வாரிசாக வரும் நிலத்தைப் பெறலாம்.
• அப்படிப்பட்ட விவசாய நிலத்தை விற்கும்போது, இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும்.

சரியான வழி என்ன?

மகன் வங்கி மூலம் அப்பாவுக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்பலாம். மகன் தரும் அன்பளிப்புக்கு அப்பா வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் அப்பா தன் பெயரில், தனக்காகவே வாங்கட்டும். பெயருக்கு மட்டும் அப்பா, உண்மையில் மகனுடையது என்றால் அது பினாமிச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய்விடும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அப்பா உயில் எழுதாமல் காலமானால் மற்ற பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பணம் அனுப்பியவனுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வழக்கு வருவது இங்கேதான். வாங்கும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, உயிலையும் எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே மகன் பெயரில் வாங்கியிருந்தால் மறைக்க வேண்டாம். ஃபெமா தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியில் தாமாகவே விண்ணப்பித்துத் தீர்த்துக்கொள்ளும் வழி இருக்கிறது. இனி அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்றோடு, யார் பெயரில் வாங்குகிறோம் என்பதையும் சரிபாருங்கள்.