நடராஜனின் முழங்காலும் 44 நாட்களும்

2020 நவம்பர் 6. அபுதாபியில் ஐ.பி.எல். வெளியேற்றச் சுற்று ஆட்டம். ஐம்பது ஓட்டங்களைக் கடந்து ஏபி டிவில்லியர்ஸ் நின்றுகொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட பந்தையும் மைதானத்தின் எந்த மூலைக்கும் அனுப்பத் தெரிந்த அந்த மனிதரின் காலடியில் ஒரு பந்து வந்து இறங்கியது. மட்டை கீழே வருமுன் ஸ்டம்ப் பெயர்ந்துவிட்டது. வீசியவர் தங்கராசு நடராஜன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர், தறித் தொழிலாளியின் மகன்.

குமாரபாளையத்துக் காவிரிக்கரையில் தொடங்கி, பள்ளிபாளையம், எடப்பாடி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் என்று எங்கள் சமவெளி முழுக்க விசைத்தறி ஓடும் ஊர்கள்தான். இரவு ஷிஃப்டில் நின்று, தார் தீர்ந்ததும் மாற்றி, அறுந்த பாவு இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிட்டு, மறுபடி தறியை ஓட்டுகிற கைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். கை என்ற படைப்பின் மீது எனக்குள்ள பக்தி அங்கிருந்து வந்தது. ஆனாலும் அந்த ஒரு பந்தைப் பார்த்தபோதுதான், உடலைப் படைத்தவன் அதற்குள் எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறான் என்று முழுதாக உறைத்தது.

யார்க்கர் என்பது மட்டையாளரின் கால்விரலுக்கும் மட்டையின் அடிமுனைக்கும் இடையே போய் விழவேண்டிய பந்து. கையை விட்ட இடத்திலிருந்து விழும் இடம்வரை ஏறத்தாழ 18 மீட்டர். நடராஜனின் வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்தத் தூரத்தைப் பந்து அரை நொடிக்குள் கடந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து விரலை விட்டு விலகும் கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினால், விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது. முன்கூட்டியே குத்திவிட்டால் அடிப்பதற்கு அதைவிடச் சுலபமான பந்து கிடையாது. குத்தாமல் நேரே வந்தாலும் அதே கதிதான்.

கை தோளைச் சுற்றி வருகிற வேகத்தில் ஒரு டிகிரியைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மூளையிலிருந்து புறப்பட்ட கட்டளை விரலுக்குப் போய்ச் சேர அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். அதாவது, கை உச்சிக்கு வந்தபின் ‘இப்போது விடு’ என்று மூளையால் சொல்லவே முடியாது. ஓடிவரும்போதே எல்லாம் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்: எப்போது தோள் திரும்ப வேண்டும், எப்போது மணிக்கட்டு மடங்க வேண்டும், எப்போது விரல் பிரிய வேண்டும் என்று. அதை எழுதிக் கொடுக்கிற வேலையில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பிடரிக்கு மேலே, பின்மண்டைக்குள், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உறுப்பு. மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றன. பந்தைப் பிடித்திருக்கும் விரல்களையும் பாருங்கள். விரலுக்குள் அதை மடக்கும் தசையே கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள் மெல்லிய தசைநார்களைப் பிடித்து இழுக்கின்றன, விரல் அசைகிறது. தசையை விரலுக்குள்ளேயே அடைத்திருந்தால் இந்த நளினம் வந்திருக்காது. நம்மைவிட வலுவான கையுள்ள சிம்பன்சியால் இந்த வேகத்தில் ஒரு கல்லைக்கூட எறிய முடியாது. மனிதத் தோளுக்கு மட்டும் வாய்த்த கொடை இது.

நடராஜனுக்கு அது இடக்கையில் வாய்த்தது. பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடக்கைப் பழக்கம். திருச்செங்கோட்டு மலையேறி, அர்த்தநாரீசுவரரின் இடப்பாகம் அம்மையுடையது என்று கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பக்கத்துக் கையில் இப்படியொரு வரம் வந்து அமர்ந்ததை நான் கும்பிடத்தான் செய்வேன்.

இருபது வயதை ஒட்டும்வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். ஊர் ஊராக நடக்கும் போட்டிகள்தான் பள்ளிக்கூடம். ஜெயபிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் ஒருவர் அவரிடம் இருந்ததைக் கண்டுகொண்டு சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்த நன்றியில் பிற்காலத்தில் தன் சட்டையில் ‘ஜேபி நட்டு’ என்றே பொறித்துக்கொண்டவர் நடராஜன். சென்னையில் கீழ்நிலை லீக் ஆட்டங்கள், பிறகு 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த முதல் ஆட்டத்திலேயே, பந்து வீசும் முறையில் குறை இருப்பதாகப் புகார் எழுந்தது.

அடுத்து நடந்ததை எல்லோரும் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய அதிசயம் அதுதான். பல ஆண்டுகளாகச் சிறுமூளை எழுதி, திருத்தி, உறுதிப்படுத்தி வைத்த ஓர் அசைவை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். நடக்கத் தெரிந்தவனை, நடையை மறந்துவிட்டு வேறு விதமாக நட என்று சொல்வதற்குச் சமம். பந்து வீசினால்தானே வருமானம் என்ற நிலையில் இருந்த ஒரு தறிக்குடும்பத்துப் பையன், சுனில் சுப்ரமணியம் போன்ற பயிற்சியாளர்களின் துணையோடு ஏறத்தாழ ஓராண்டு அதைச் செய்தார். முழங்கை வந்து நிற்கும் இடம் மாறியது, தோள் மாறியது. விழுகிற இடம் மட்டும் பழைய துல்லியத்தோடு திரும்பி வந்தது. எலும்பு வாலிபத்தோடு நீள்வதை நிறுத்திவிடுகிறது. நரம்பு மண்டலத்தையோ இறைவன் திறந்தே வைத்திருக்கிறான். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி கொடுத்த 3 கோடி ரூபாய் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

2020-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு அவரை அழைத்துப் போனது வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான். அணியில் ஒவ்வொருவராகக் காயம்பட, டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4-ஆம் தேதி அதே ஊரில் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று 44 நாட்களில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர். முதல் இன்னிங்சில் 24 ஓவருக்கு மேல் வீசி 3 விக்கெட் எடுத்தார். சதமடித்திருந்த லபுஷேன் அதில் ஒருவர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றிராத பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இந்தியா வென்றது. ஊர் திரும்பியவரைச் சின்னப்பம்பட்டியில் ரதத்தில் ஏற்றி அழைத்துவந்தார்கள். அவர் பழனிக்குப் போய் முடியிறக்கினார்.

அந்த முடி வளர்ந்து முடிக்குமுன் முழங்கால் நின்றுவிட்டது.

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து முன்காலை ஊன்றும் அந்தக் கணத்தில் தரை அவரை எதிர்த்து உதைக்கிறது. அந்த உதை உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். எழுபது கிலோ உடம்பென்றால் 350 கிலோவுக்கு மேல், ஒற்றைக் காலில். ஓவருக்கு ஆறு முறை, பயிற்சியையும் சேர்த்தால் நாளுக்கு நூறு முறையைத் தாண்டும். இவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் முழங்காலுக்குள் எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள குருத்தெலும்புப் பூச்சு. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட அது வழவழப்பானது. மனிதன் செய்த பேரிங் எண்பது ஆண்டு எண்ணெய் விடாமல் ஓடுவது அபூர்வம். இது ஓடுகிறது.

அந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. காலை ஊன்றும்போது நசுங்கி நீரை வெளியே விடுகிறது. எடுக்கும்போது விரிந்து மூட்டுநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீரில் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நடந்தால்தான் பசியாறும் உறுப்பு! ரத்தம் ஓடியிருந்தால் ஒவ்வோர் அடியிலும் குழாய்கள் நசுங்கி வெடித்திருக்கும். நரம்பு இருந்திருந்தால் ஒவ்வோர் அடியும் வலித்திருக்கும். படைத்தவன் இரண்டையும் விலக்கிவைத்தான். அதற்கான விலையும் அங்கேயே இருக்கிறது. ரத்தம் வராத இடத்தில் காயம் ஆறுவதில்லை, அல்லது மிக மிக மெதுவாக ஆறுகிறது. எலும்புக்கு வேறு நியாயம்: சுமை ஏற ஏற அது தடிக்கிறது, முறிந்தாலும் சில வாரத்தில் கூடிக்கொள்கிறது. ஒரே மூட்டில் இந்த இரண்டு நியாயங்களும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. தறியில் பாவு இழை ஒரு பெரிய இழுப்பில் அறுவது அபூர்வம். விழுது ஆயிரம் முறை ஏற்றி இறக்கியதில் கஞ்சி உதிர்ந்து, நைந்து, ஏதோ ஒரு சாதாரண இழுப்பில் அறும். வேகப்பந்து வீச்சாளரின் மூட்டும் அப்படித்தான்.

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவை. அன்று ஆட்டத்தை 95-இல் ஆட்டமிழக்காமல் முடித்த சாம் கரனுக்கு எதிராகப் பந்து நடராஜன் கையில். ஆறு பந்தில் 6 ஓட்டங்கள்தான் போயின, தொடர் இந்தியாவுக்கு. மறுமாதமே அறுவை சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர். இந்திய அணிச் சட்டையில் அவர் ஆடியது இவ்வளவுதான். டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிட்டது.

உடலின் உச்சியில் நின்று ஆடியவர்களுக்கு உலகெங்கும் இந்த விதி உண்டு. நியூசிலாந்தின் ஷேன் பாண்ட், முதுகெலும்பு மீண்டும் மீண்டும் விரிசல் விட, 18 டெஸ்டோடு நின்றார்; அதற்குள் 87 விக்கெட். அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர் என்றொரு இடம் உண்டு. தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று, எதிரணியின் எண்ணத்தைக் கண்ணால் படித்து, பாய்ந்து மோதிச் சாய்க்க வேண்டும். நம் கபடியில் பாடி வருபவரை அமுக்கும் ஆட்டக்காரர்களுக்கு அந்த உடம்பு புரியும். அந்த இடத்தில் லூக் கீக்லி என்ற கரோலினா பாந்தர்ஸ் வீரர் 2013-இல் நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். 2020 ஜனவரியில், 28 வயதில், எட்டே பருவங்களோடு விலகினார். முழங்கால் அவரை நிறுத்தவில்லை. ஆட்டத்தில் தலை அதிர்ந்து பலமுறை வெளியே உட்கார வேண்டியிருந்தவர் அவர். மூளையின் எடை சுமார் 1,400 கிராம். மண்டைக்குள் நீரில் மிதப்பதால் 50 கிராம் அளவு கனம்தான் அதற்கு உணரும். நடக்க, ஓட, தடுக்கி விழ அந்த நீர்மெத்தை தாராளமாகப் போதும். முழுவேகத்தில் வரும் இன்னொரு மனிதனைத் தலைமுட்ட மோத அது செய்யப்படவில்லை.

இவர்களைப் பார்த்து ‘பாவம், சீக்கிரம் முடிந்துவிட்டது’ என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் முழுதாக வருவதில்லை. 350 கிலோ உதையை மில்லிமீட்டர் கணக்கில் உள்ள ஒரு பூச்சு லட்சம் முறை தாங்கியதை முதலில் கும்பிட வேண்டாமா? நைந்ததை மட்டும் எண்ணி, தாங்கியதை எண்ணாமல் விடுவது எனக்கு நன்றி மறந்த காரியமாகப் படுகிறது.

நடராஜன் சட்டையை மாட்டி வைத்துவிடவும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடை, ஓட்டம், பிறகு பந்து என்று உடலுக்குப் படிப்படியாக எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொடுத்தார். 2022 ஐ.பி.எல்.-இல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அங்கே பந்து வீசும் பதின்பருவப் பையன்களின் எலும்பு முனைகளில் வளர்தட்டு இன்னும் மூடியிராது. வளரும் எலும்பிலேயே வலுக்குறைந்த இடம் அது. வளரும் உடலை எண்ணித்தான் பல நாடுகளில் சிறுவர்கள் ஒரு நாளில் வீசும் ஓவருக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பயிற்சியாளர்களும் ஒரு நோட்டில் ஓவரை எண்ணி எழுதி வைத்தால் நல்லது.

2024 ஏப்ரல் 20, டெல்லி. நடராஜன் ஆடிய ஐதராபாத் அணி 266 ஓட்டங்கள் குவித்துவிட்டு எதிரணியை மடக்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் கத்தி வைத்து மூன்று ஆண்டு ஆகப்போகிறது. பத்தொன்பதாவது ஓவரை வீச அவர் வந்தார். அந்த ஆறு பந்தில் ஓர் ஓட்டமும் போகவில்லை, மூன்று விக்கெட் விழுந்தன. அன்றைய கணக்கு 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்.