ஸ்னாப்ஷாட் இருந்தால் போதுமா?

பழைய கணக்கு மென்பொருளை விட மனமில்லாத வணிகர்கள் சிலர், அதற்காகவே ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிறார்கள். இதுதான் மெய்நிகர் கணினி. அதன் வன்தட்டுகூட உண்மையில் ஒரு கோப்புதான்.

அதனுள் விண்டோஸ் 10 இருக்கிறதா? அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. வெளிக் கணினி புதியது என்பதால் உள்ளே இருப்பது தானாகப் புதியதாகிவிடாது.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் தேவை. மெய்நிகர் கணினியில் சில்லு ஏது? அதையும் மென்பொருளாகவே சேர்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸில் 7.0 பதிப்பு முதல் இவ்வசதி உண்டு.

மேம்படுத்தும் முன் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு ஏற்பட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அது காப்பு நகல் அல்ல. மூல வன்தட்டுக் கோப்பைச் சார்ந்தே அது இயங்குகிறது. அந்தக் கோப்பு பழுதானால் ஸ்னாப்ஷாட்டும் பயன்படாது. பழைய நிலைக்குத் திரும்பினால், இடையில் பதிந்த கணக்குகளும் போய்விடும்.

ஆகவே, மெய்நிகர் கணினியை முறையாக அணைத்து, அதன் கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து வையுங்கள். இன்னொரு நகலில் மேம்படுத்திப் பாருங்கள். கணக்கு திறக்கிறதா, ரசீது அச்சாகிறதா என்று சோதித்த பிறகே மூலத்தில் கை வையுங்கள்.

எல்லாம் சரியானதும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அது வளர்ந்து இடத்தை விழுங்கும். ஆனால் கோப்பை நேரடியாக அழிக்காதீர்கள். மென்பொருளின் வழியாகவே நீக்க வேண்டும்.