மண்ணே இல்லாமல் மழை வாசனை!

முதல் மழை விழுந்ததும் தரையிலிருந்து குப்புனு ஒரு வாசனை கிளம்புமே... அதை ஒரு பாட்டிலில் அடைக்கச் சொன்னா என்ன செய்வீங்க, ஃப்ரெண்ட்ஸ்?

உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் ஊர்க்காரங்களுக்கு நேர்வழி தெரியும். சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் தண்ணீரோடு காய்ச்சி, வர்ற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவாங்க. 'மிட்டி அத்தர்' ரெடி! அகல்விளக்குக்கும் பீங்கான் பொம்மைக்கும் பேர்போன நம்ம விருத்தாசலத்துல, களிமண்ணைச் சுடுறது பொருளுக்காக. அங்கே வாசனைக்காக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா, மண்ணைத் தொடாமலே மழையைக் காட்டினவர் ஒருத்தர் இருக்கார். பேரு ழான் க்ளோட் எலினா. கேரளத்து மழைக்காலத்தை மனசில் வெச்சு, ஹெர்மெஸ் கம்பெனிக்காக 2008-ல் ஒரு சென்ட் செய்தார். 'மழைக்குப் பிந்தைய தோட்டம்'னு அதுக்குப் பேர். அதில் மணக்கிறது எல்லாம் இஞ்சி, ஏலக்காய், மிளகு, கொத்தமல்லி, வெட்டிவேர். அட, நம்ம மளிகைக்கடை சமாசாரம்!

சார் பெரிய டிகிரி ஹோல்டர்னு நினைக்கிறீங்களா? ஸாரி பாஸ்! 1947-ல் ஃபிரான்ஸின் கிராஸ் நகரில் பிறந்தவர். அப்பாவும் சென்ட் தயாரிப்பவர்தான். விருத்தாசலத்துக்குப் பீங்கான் மாதிரி, அந்த ஊருக்கு வாசனைத் தொழில். 16 வயசுலேயே எலினா அங்கே ஒரு ஃபேக்டரியில் சாதாரண தொழிலாளியா சேர்ந்துட்டார். 1968-ல்தான் ஜெனீவாவில் ஜிவோதான் கம்பெனியின் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

1976-ல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதில் கற்ற வித்தை எல்லாத்தையும் கொட்டியிருந்தார். அப்புறம்தான் ட்விஸ்ட்! ஒவ்வொண்ணா கழிக்க ஆரம்பிச்சார். ஆயிரத்துக்கும் மேலான மூலப்பொருட்களை வெச்சு மத்தவங்க வேலை பார்க்க, இவர் சுமார் 200-லேயே நின்னுட்டார்.

அவர் செய்து காட்டுற ஒரு வித்தை பிரபலம். நிஜ சாக்லேட் வாசனையில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கு. இவர் ஐசோபியூட்டைல் ஃபீனைல்அசிட்டேட்டில் ஒரு காகிதப் பட்டை, வெனிலா வாசனை தரும் ரசாயனத்தில் இன்னொரு பட்டை முக்குவார். ரெண்டையும் சேர்த்து மூக்குகிட்ட ஆட்டினா... சாக்லேட்! மிச்சத்தை நம்ம மூளையே நிரப்பிக்குது. காப்பியடிக்கிறது இல்லை, ஞாபகத்தைத் தட்டி எழுப்புறதுதான் அவர் ஸ்டைல்.

இந்த பாணியில்தான் 2004-லிருந்து 2016 வரை ஹெர்மெஸ்ஸின் சென்ட்களை உருவாக்கினார். 2006-ல் வந்த 'டெர் த ஹெர்மெஸ்' உலக ஹிட். 'டெர்'னா என்ன தெரியுமா? மண்!

கழிக்கிற தைரியம் சும்மா வராது. எதைக் கழிச்சா என்ன ஆகும்னு தெரியணும். ஃபேக்டரி தரையில் ஒவ்வொரு சரக்கா மோந்து பழகினதில்தான் அது தொடங்கியிருக்கணும்னு எனக்குத் தோணுது. சூளைச் சூட்டையும் களிமண் பதத்தையும் கையாலேயே கண்டுபிடிக்கிற விருத்தாசலத்து நண்பர்களே, அந்த மூலதனம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. 'எங்க ஊர்ல என்னடா இருக்கு'னு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

மத்தவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எடுங்க. அதில் எதையெல்லாம் தூக்கினாலும் அது நிக்கும்?