கடலில்லாக் காஞ்சியும் கடல்சார் தொழில்நுட்பமும்

கடலின் ஆழத்தை அளப்பது, அலையின் போக்கைக் கணிப்பது, கடலடியில் குழாயும் கேபிளும் பதிப்பது, மனிதர் இறங்க முடியாத ஆழத்துக்கு ஊர்திகளை அனுப்புவது ஆகிய பணிகளுக்குரிய கருவிகளை வடிவமைத்து, உருவாக்கி, பராமரிக்கும் துறை கடல்சார் தொழில்நுட்பம் எனப்படுகிறது. மீன்பிடித்தலையும் கப்பலோட்டுதலையும் தவிரக் கடலில் வேறு பிழைப்பு இல்லை என்ற எண்ணம் உள்மாவட்டங்களில் இன்றும் நிலவுவதால், இத்துறை வெல்டரையும் ஃபிட்டரையும் எலெக்ட்ரீஷியனையும் மென்பொருள் எழுதுபவரையும் நம்பியே நடக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. எனவே, இத்துறையை மக்களுக்கு அறிமுகப்படுத்துவதும், அதற்கான ஆட்களைப் பள்ளிப் பருவத்திலிருந்தே பழக்கி எடுப்பதுமாகிய இரட்டைப் பணி, கடலோரக் குப்பங்களைவிடக் காஞ்சிபுரம் போன்ற ஊர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரம், கோவளம் உள்ளிட்ட கடற்கரை அதனுடன் சென்றுவிட்டதால், காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடலே இல்லை. ஆனால் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலையும் மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன் காலத்தில், அதாவது கி.பி. 720-இல், பல்லவத் தூதுக்குழு ஒன்று சீன அரசவைக்குச் சென்றது என்பதை நினைத்தால், உள்நாட்டிலிருந்த இப்பல்லவத் தலைநகரம் கடலை நோக்கியே வாழ்ந்தது என்பது புலப்படும். இன்றைய நிலையும் அதற்கு முற்றிலும் மாறானதன்று. 1993 நவம்பரில் நிறுவப்பட்டு, சென்னை ஐஐடி வளாகத்தில் சில காலம் இயங்கிய பின் பள்ளிக்கரணைக்கு இடம்பெயர்ந்த தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 2008-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உருவான உத்தண்டியிலுள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், தையூரிலுள்ள ஐஐடி வளாகம், காஞ்சிபுரத்தின் பெயரையே தாங்கி மேலக்கோட்டையூரில் இயங்கும் ஐஐஐடிடிஎம் என்னும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஆகிய நான்கும் பழைய காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் அமைந்தவை. எல்லைக்கோடு மாறியதே தவிர, காஞ்சியிலிருந்து இவற்றுக்குள்ள பேருந்துத் தொலைவு மாறவில்லை.

இத்துறையில் கைத்திறனுக்குள்ள இடத்தை உணர ஆழ்கடல் அழுத்தத்தைக் கருத வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 6,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் சுமார் 600 கிலோ எடை அழுத்துகிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்தின் கீழ், மூன்று பேரை அந்த ஆழத்துக்கு அழைத்துச் செல்வதற்காகப் பள்ளிக்கரணைக் கழகம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ ஊர்தியில், பயணிகள் அமரும் பகுதி 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டைட்டானியக் கோளமாக வடிவமைக்கப்பட்டுள்ளது. அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் என்பதால் கோளம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் இரு அரைக்கோளங்கள் சேரும் விளிம்பில் மயிரிழைக் குறை இருந்தாலும் அந்த வடிவத்தால் பயனில்லை என்பதால், எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி உலோகத்தை உருக்கி இணைக்கும் வெல்டிங் முறை இஸ்ரோவின் துணையுடன் உருவாக்கப்பட்டது. விஞ்ஞானி போடும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மூவரின் உயிரைக் காப்பது அந்த வெல்டிங்கின் தரமே.

மக்களிடம் சென்று எடுத்துச் சொல்லும் பணி இத்துறைக்கு வெறும் விளம்பரமாக இருப்பதில்லை என்பதற்குக் கடல் மிதவைகள் சான்றாகும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிறுவப்பட்ட எச்சரிக்கை அமைப்பில், கடலடியில் வைக்கப்படும் அழுத்தமானி தனக்கு மேலுள்ள நீரின் உயர மாற்றத்தை அளந்து, அதை ஒலியலையாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்ப, மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சேர்க்கிறது. ஆனால், மிதக்கும் எப்பொருளின் அடியிலும் மீன் கூட்டம் சேரும் என்பது மீனவரின் பட்டறிவு. அதனால் மிதவையை ஒட்டி வலை வீசுவதும், படகை அதில் கட்டுவதும் நிகழ, உணர்கருவிகளும் நங்கூரக் கயிறும் சேதமடைகின்றன. காவல் போட முடியாத நடுக்கடலில் இதற்கு ஒரே வழி, மிதவை செயலிழந்தால் எச்சரிக்கை தாமதமாவது யாருடைய ஊருக்கு என்பதை மீனவ ஊர்களிலேயே விளக்கிச் சொல்வதுதான் என்பதால், மிதவைகளைப் பராமரிக்கும் பள்ளிக்கரணைக் கழகமே அத்தகைய விழிப்புணர்வுக் கூட்டங்களை நடத்திவருகிறது.

ஆட்களை உருவாக்கும் பணிக்கு வெளிநாட்டு முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே பெனின்சுலா கல்லூரியில் 1997-இல் தொடங்கப்பட்ட ‘மேட்’ என்னும் கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம், 2002-இல் மாணவருக்கான நீரடி ஊர்திப் போட்டியைத் தொடங்கிவைத்தது. அப்போட்டியில் பங்குபெறும் குழு தன்னை ஒரு நிறுவனமாகப் பாவித்து, ஊர்தியைச் செய்வதோடு, செலவுக் கணக்கு காட்டவும், தொழில்நுட்ப அறிக்கை எழுதவும், நடுவர் முன் தன் பொருளை விளக்கிப் பேசவும் வேண்டும். வேலைக்குச் சென்ற பிறகு கேட்கப்படும் எல்லாத் திறனும் பள்ளியிலேயே பழகப்படுகின்றன என்பதே அதன் சிறப்பு.

இத்தகைய ஊர்தியின் எளிய வடிவைச் செய்யப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய்களால் ஒரு சட்டம் அமைத்து, முன்னும் பின்னும் செல்வதற்கு இரண்டு, மேலும் கீழும் செல்வதற்கு ஒன்று என மூன்று சிறு மோட்டார்களைப் பொருத்தி, ஒவ்வொரு மோட்டாரையும் மெழுகு நிரப்பிய சிமிழுக்குள் வைத்துத் தண்ணீர் புகாமல் அடைத்துவிட்டால் உடல் தயார். சட்டத்தின் மேற்புறம் தெர்மாகோல் போன்ற மிதப்புப் பொருளும் கீழ்ப்புறம் சிறு எடைகளும் கட்டி, மூழ்காமலும் மேலே எழாமலும் தண்ணீரின் இடையில் நிற்கும்படி சமன்செய்வதில்தான் மாணவருக்கு முழு வேலையும் இருக்கிறது. பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் ஆர்க்கிமிடீஸ் விதி அங்கே ஒரு பிற்பகல் முழுவதும் கையோடு மல்லுக்கட்டும். கரையிலிருந்து மின்சாரமும் கட்டளையும் கொண்டுசெல்லும் கேபிளை விடுவதற்கும் இழுப்பதற்கும் தனி ஆள் வேண்டும். கோர்வைப் பட்டுத் தறியில் நெசவாளரும், மறுபக்கம் அமர்ந்து கரைக்கான நாடாவைச் செலுத்தும் துணையாளும் கையொத்தால்தான் உடலும் கரையும் பிசிறின்றி இணைவதைப் போல, ஊர்தியை இயக்குபவரும் கேபிளை விடுபவரும் ஒருவர் கையை மற்றவர் அறிந்திருந்தால்தான் ஊர்தி சிக்காமல் செல்லும்.

காஞ்சிபுரம் மாணவருக்கு இத்துறையில் நுழைய வழிகள் பல படிகளில் உள்ளன. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு, மத்திய மீன்வள கடலோட்ட மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் சென்னைப் பிரிவு, மீன்பிடிக் கப்பலைச் செலுத்துவதற்கும் அதன் எஞ்சினைப் பராமரிப்பதற்கும் ஈராண்டுப் பயிற்சி அளிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதி, கப்பல் பொறியியலோ கடலோட்ட அறிவியலோ படிக்கலாம். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களைப் பள்ளிக்கரணைக் கழகம் திட்டப் பணிகளுக்குத் தொழில்நுட்பராக எடுப்பதுண்டு. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கார் ஆலைகளை நம்பி இம்மாவட்ட ஐடிஐக்கள் கற்றுத்தரும் வெல்டிங்கும் கடைசல் வேலையும் மின்சுற்று வேலையும் கடல் கருவிகளுக்கும் பெரிதும் பொதுவானவை. உப்புநீர் அரிப்பு, நீர்புகாக் காப்பு, உயரழுத்தம் ஆகியவை பற்றிய கூடுதல் பாடமே எஞ்சியிருப்பது. மேலும், சென்னை ஐஐடியில் முளைத்த பிளானிஸ் நிறுவனம் தன் நீரடி ஊர்திகளைத் துறைமுகங்களில் மட்டுமன்றி அணைகளையும் பாலத் தூண்களையும் சோதிக்கவும் பயன்படுத்துவது, இத்திறனுக்குக் கரையோரத்துக்கு அப்பாலும் வேலை உண்டு என்பதைக் காட்டுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. அரசு ஆராய்ச்சி நிறுவனங்களின் திட்டப் பணியிடங்கள் குறித்த காலத்துக்கானவை. கடற்பயணம் வாரக்கணக்கில் வீட்டைப் பிரித்துவைக்கும். எல்லோருக்கும் அது ஒத்துவராது. ஆயினும், இருப்பதை அறிந்து வேண்டாம் என்று சொல்வது வேறு, இருப்பதே தெரியாமல் போவது வேறு. ஆண்டுதோறும் சுற்றுலாவாக மாமல்லபுரம் அழைத்துச் செல்லும் காஞ்சிபுரத்துத் தலைமையாசிரியர்கள், அடுத்த முறை முன் அனுமதி கேட்டுப் பள்ளிக்கரணைக்கோ உத்தண்டிக்கோ ஒரு நாளை ஒதுக்கலாம். பள்ளி அறிவியல் மன்றங்கள் அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்வதை ஓராண்டு நிறுத்திவைத்து, ஒரு தண்ணீர்த் தொட்டியும் மூன்று மோட்டாரும் வாங்கிப் பார்க்கலாம். அதற்குக் கடற்கரை தேவையில்லை.