அரியலூர்க் கடலைப் படித்த மொராவியர்

என் தாத்தா அரியலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுக் கப்பலேறி, சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். அந்த மண் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், “குடிக்கவே தண்ணியில்லாத ஊருடா அது” என்று சிரித்திருப்பார்.

கடல் இருந்தது உண்மை. அதன் உயிர்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்தவரும் வேலைக்காகக் கடல் தாண்டியவர்தான். பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838-ல், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தார். அப்பாவுக்கு வனத்தில் வேலை. அவர் பிறந்த சீமைக்குக் கடற்கரையே கிடையாது. வியன்னாவில் படித்துவிட்டு, 1862-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். ஹென்றி பிளான்ஃபோர்டும் சகாக்களும் திருச்சி, அரியலூர் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்கள் அவர் மேசைக்கு வந்தன. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸ் கடலில் வாழ்ந்தவை அவை.

அவற்றில் அம்மோனைட்டுகள் முக்கியமானவை. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தவை. ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. தடுப்பு ஓட்டைத் தொடும் இடத்தில், முள்முருங்கை... இல்லை, கொத்தமல்லி இலையின் விளிம்பைப் போல நெளிநெளியாக ஒரு கோடு விழும். இனத்துக்கு இனம் அந்தக் கோடு மாறும். ஓர் இனம் அதிக காலம் நீடிப்பதில்லை என்பதால், எந்த அம்மோனைட் கிடைக்கிறது என்பதை வைத்தே பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். 1865-ல் ஓர் அம்மோனைட்டுக்கு ஸ்டோலிச்கா ‘அரியலூரென்சிஸ்’ என்று பெயர் வைத்தார். பிறகு நத்தை, சிப்பி, பவளம் என்று தொடர்ந்து, 1873-ல்தான் அந்தப் பெரும்பணி முடிந்தது. அம்மோனைட்டுகளை 1890-களில் ஃபிரான்ஸ் கோஸ்மட் மறுபடி ஆராய்ந்தார்; அவருக்கும் தொடக்கப்புள்ளி ஸ்டோலிச்காதான்.

உயிருள்ள நத்தைகள் மீதும் மனுஷனுக்குப் பித்து. நம் பினாங்குத் தீவின் நத்தைகளைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். பினாங்கில் கிடைத்த ஒரு வௌவாலுக்கு 1871-ல் டாப்சன் இவர் பெயரைச் சூட்டினார்.

தாத்தா வந்து சேர்ந்த மண்ணுக்கும் ஒரு கடல் கதை உண்டு. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் கடலடியில் பிறந்தவையே. அரியலூர்ப் பாறைகளைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. ஈயலம்பங்களில் மேல்மண்ணை அள்ளியபோது அடிப்பாறை வெளிப்பட்டு, கம்பார் பக்கம் புதைபடிவங்கள் கண்ணில் பட்டன. அங்குள்ள பாறை அடுக்குகளைப் பற்றி 1968-ல் எழுதியவர் நிலவியலாளர் டி. சுந்தரலிங்கம். அந்தப் பெயரை அச்சில் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அரியலூர் வேலை முடிந்ததும் ஸ்டோலிச்கா ஓய்வெடுத்திருக்கலாம். இமயமலைப் பயணங்கள் ஏற்கெனவே உடம்பைக் கெடுத்திருந்தன. ஆனாலும் 1873-ல் யார்க்கண்ட் போகும் தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைக் கடந்தபின், 1874 ஜூன் 19 அன்று லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயது 36. லே நகரில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பயணத்தில் அவர் சேகரித்தவற்றைப் பிரித்து ஆராய்ந்து அச்சிட்டு முடிக்க, மற்றவர்களுக்கு 1891 வரை ஆனது.