ஒரு சோஷலிஸ்ட் கிளை வேட்பாளரைத் தேர்வது எப்படி?

நியூயார்க் நகரத்தில் சோஷலிஸ்ட் வேட்பாளராக நிற்க விரும்புபவர், வாக்காளரிடம் போவதற்கு முன்பே ஒரு தேர்தலில் ஜெயித்தாக வேண்டும். டெமாக்ரட்டிக் சோஷலிஸ்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பின் நகரக் கிளை உறுப்பினர்கள் கூடி, கேள்வி கேட்டு, வாதாடி, வாக்களித்து அவருக்கு ஆதரவு தர வேண்டும். இந்த ஆதரவு ஓர் அறிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. பல மாதங்களுக்கு, வாரக் கடைசிதோறும், சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதாக உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கட்டளை அது. ஆகவே ஆள் நல்லவரா என்று கேட்பதோடு, அவருக்காக எத்தனை பேர் தெருவில் இறங்குவார்கள் என்றும் அங்கே கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

டி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு ஓர் அரசியல் கட்சி அல்ல. வாக்குச்சீட்டில் அதற்குத் தனி இடம் கிடையாது. எழுத்தாளர் மைக்கேல் ஹாரிங்டன் தலைமையிலிருந்த ஒரு குழுவும், 1960களின் புதிய இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் 1982இல் இணைந்ததில் பிறந்த சந்தா அமைப்பு இது. 2015 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 6,000 உறுப்பினர்களே இருந்தார்கள். பெர்னி சாண்டர்ஸ் 2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டதும், அந்த ஆண்டின் முடிவில் அதிபர் தேர்தலில் டிரம்ப் வென்றதும் இளைஞர்களை இதன் பக்கம் தள்ளின. 2021இல் எண்ணிக்கை 90,000ஐத் தாண்டியது. நாட்டின் பல நகரங்களில் கிளைகள் உண்டு. சிகாகோவில் 2019இல் 50 பேர் கொண்ட நகரமன்றத்துக்கு டி.எஸ்.ஏ. உறுப்பினர்கள் ஆறு பேர் தேர்வானார்கள். ஆனாலும் ஆதரவு தரும் முறையை நுணுக்கமாக வளர்த்தெடுத்தது நியூயார்க் கிளைதான்.

கட்சியாக இல்லாத ஓர் அமைப்பு தேர்தலில் எப்படிப் புகுந்தது என்பதை அறிய, அமெரிக்காவின் பிரைமரி முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் கட்சித் தலைமை ‘பி’ படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவருக்குக் கட்சியின் சின்னம் கிடைக்கும். அமெரிக்காவில் அந்த அதிகாரம் தலைவர்களின் கையில் இல்லை. கட்சிப் பெருந்தலைகள் மூடிய அறையில் வேட்பாளரை முடிவு செய்வதை ஒழிப்பதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சினும் அதைத் தொடர்ந்து மற்ற மாநிலங்களும் வேட்பாளர் தேர்வை வாக்காளர்களிடமே ஒப்படைத்தன. நியூயார்க்கில் ஒருவர் வாக்காளராகப் பதியும்போது தன் கட்சியையும் குறிப்பிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, கடமையும் இல்லை. ஆனால் அப்படிப் பதிந்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும்.

பிரைமரியில் நிற்பதற்கு வேண்டியது கையெழுத்து. மாநிலத்தின் கீழவைக்கு 500, மேலவைக்கு 1,000, அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கு 1,250 என்ற எண்ணிக்கையில், அந்தத் தொகுதியில் அந்தக் கட்சியின் பெயரில் பதிந்த வாக்காளர்களிடம் வாங்க வேண்டும். முகவரியில் பிழை, தொகுதி மாறிய வாக்காளர் என்று ஏதாவது ஒரு காரணம் காட்டி எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கையெழுத்துகளை அடித்துவிடுவார்கள் என்பதால், தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு திரட்டுவதே வழக்கம். குளிர் விலகாத மார்ச் மாதத்தில் தெருமுனையில் அட்டையும் பேனாவுமாக நிற்க ஆள் வேண்டும். ஆள்பலம் இருப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்த் தலைவர்கள் முகம் சுளித்தாலும் தடுக்க முடியாது. நகரின் பெரும்பாலான தொகுதிகளில் ஜனநாயகக் கட்சியே வெல்வதால், ஜூன் மாதப் பிரைமரிதான் உண்மையான தேர்தல். அதற்கு வருபவர்களோ மிகக் குறைவு. 2018இல் டி.எஸ்.ஏ. ஆதரவோடு நின்ற அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், 1999 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜோ கிரவுலியைத் தோற்கடித்தபோது அவருக்குக் கிடைத்தவை சுமார் 17,000 வாக்குகள்தாம். அந்தத் தொகுதியின் மக்கள்தொகை ஏறக்குறைய ஏழு லட்சம். சில நூறு தொண்டர்கள் ஒழுங்காகக் கதவு தட்டினால் முடிவையே மாற்றலாம் என்பது இந்தக் கணக்கிலிருந்து பிறந்த நம்பிக்கை.

ஆதரவு தரும் நடைமுறை வினாத்தாளில் தொடங்குகிறது. போட்டியிட விரும்புபவர் பல பக்கங்களுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு, பொது மருத்துவம், காவல்துறைக்கான நிதி, தொழிற்சங்கம், பாலஸ்தீனம் பற்றிய நிலைப்பாடுகள் அதில் கேட்கப்படுகின்றன. கட்டுமான அதிபர்களிடமும் பெருநிறுவனங்களிடமும் பணம் வாங்குவாரா என்ற கேள்வி முக்கியமானது. நியூயார்க் அரசியலில் நில வணிகர்களின் பணத்துக்கு உள்ள செல்வாக்கை அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சில கேள்விகள் வெளியே பெரும் சர்ச்சையைக் கிளப்பியதும் உண்டு: இஸ்ரேலுக்குப் பயணம் போக மாட்டேன் என்று உறுதி தருவீர்களா என 2020இல் நகரமன்ற வேட்பாளர்களிடம் கேட்டது அப்படிப்பட்ட ஒன்று. நகரமன்ற வேட்பாளரிடம் வெளிநாட்டுக் கொள்கையைக் கேட்பது பொருத்தமா என்று எதிரிகள் கேட்டார்கள். நகர அரசியல்வாதிகள் அந்தப் பயணங்களுக்கு அழைத்துச் செல்லப்படுவது வழக்கமாக இருந்ததால்தான் கேள்வி எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வினாத்தாளோடு சேர்த்து ஆராயப்படுவது தொகுதி. முந்தைய பிரைமரிகளில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், வெல்ல எத்தனை வாக்குகள் வேண்டும், அதற்கு எத்தனை வீடுகளுக்குப் போக வேண்டும், அந்தப் பகுதியில் கிளைக்கு எத்தனை உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்று தேர்தல் பணிக்குழு கணக்குப் போடுகிறது. வேட்பாளர் சோஷலிசத்தை எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் அவர் கரையேறுவது கடினம்.

அடுத்தது கூட்டம். வேட்பாளர் பேசுகிறார், உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பிறகு ஆதரித்துச் சிலரும் எதிர்த்துச் சிலரும் வரையறுத்த நேரத்துக்குள் பேசுகிறார்கள். எதிர்த்துப் பேசுபவர்கள் வேட்பாளரைத் தாக்குவது அரிது. ஒரே பருவத்தில் அளவுக்கு மீறிய போட்டிகளில் இறங்கினால் எல்லாமே பாழாகும் என்பதுதான் அவர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதம். 2021இல் கிளை ஆறு பேரை நகரமன்றத்துக்கு நிறுத்தியது. டிஃபனி கபான், அலெக்ஸா அவிலெஸ் ஆகிய இருவர் மட்டுமே வென்றார்கள். முந்தைய ஆண்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு நிறுத்திய ஐவரும் வென்ற சூட்டில் எடுத்த முடிவு அது.

பின்பு வாக்கெடுப்பு. சந்தா செலுத்தி உறுப்பினராக இருப்பவருக்கு மட்டுமே வாக்கு. தேர்தல் பணிக்குழு பரிந்துரைக்கிறது. தொகுதி அமைந்துள்ள பகுதியின் உட்கிளை வாக்களிக்கிறது. நகர அளவிலான தலைமைக் குழு ஒப்புதல் தருகிறது. டி.எஸ்.ஏ. கிளைகள் பலவற்றில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, 60 சதவீதம் போன்ற உயர்ந்த வரம்பைத் தாண்ட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்று சொன்ன வேட்பாளருக்காக அந்தப் பாதி உழைக்கப் போவதில்லை. வரம்பு உயர்ந்திருப்பதன் காரணம் அதுதான்.

இந்த முறை ஒரே நாளில் உருவானது அல்ல. 2017இல் கிளை நகரமன்றத்துக்கு இருவரை ஆதரித்தது. புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் லூத்தரன் போதகரான காதர் எல்-யதீம் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்றார். ஜபாரி பிரிஸ்போர்ட் பசுமைக் கட்சியின் சார்பில் பொதுத்தேர்தலில் நின்றார். இருவருமே தோற்றார்கள். ஆனால் தொண்டர்களைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, ஒவ்வொரு கதவிலும் கிடைத்த பதிலைக் குறித்துவைப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் அங்கேதான் பழகின. அடுத்த ஆண்டே ஜூலியா சலசார் மாநில மேலவைக்குத் தேர்வானார். 2019இல் குயின்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு நின்ற டிஃபனி கபான், மறு எண்ணிக்கைக்குப் பின் சுமார் 60 வாக்குகளில் தோற்றார். பிரிஸ்போர்ட் 2020இல் மீண்டும் நின்றார். இந்த முறை ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்று, வென்று, மேலவைக்குப் போனார். அதே பிரைமரி நாளில் அஸ்டோரியா தொகுதியில், நீண்டகால உறுப்பினர் ஒருவரைச் சில நூறு வாக்குகளில் வீழ்த்திக் கீழவைக்குப் போனவர் ஸோரான் மம்தானி.

மம்தானியை மேயர் பதவிக்கு ஆதரிப்பதா என்ற விவாதம் 2024இல் கிளையில் நடந்தது. அதுவரை கற்ற பாடமெல்லாம் வேண்டாம் என்றே சொன்னது. கிளையின் பலம் சிறிய தொகுதிகளில். மேயர் தேர்தலோ எண்பது லட்சம் மக்கள் வாழும் நகரம் முழுவதுக்கும். இருந்தும் அக்டோபரில் ஆதரவு கிடைத்தது. தொடக்கக் கருத்துக்கணிப்புகளில் அவர் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றார். 2025 ஜூன் பிரைமரியில், வாக்கு எண்ணிக்கையின் இறுதிச் சுற்றில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை 56 சதவீதம் பெற்று வென்றார். நவம்பர் பொதுத்தேர்தலில் அவருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. ஆதரவு தருவதற்கான கணக்குகள் தொகுதியை எண்ணுகின்றன. ஒரு வேட்பாளரைப் பார்த்துப் புதிதாக வரப்போகும் தொண்டர்களை அவற்றால் எண்ண முடிவதில்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை அது.

வென்றவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது இன்னும் கடினமான பகுதி. இதற்குப் பழைய முன்கதை ஒன்று உண்டு. 1920 ஜனவரியில் நியூயார்க் மாநிலக் கீழவை, அன்றைய சோஷலிஸ்ட் கட்சியின் ஐந்து உறுப்பினர்களை இடைநீக்கம் செய்து, ஏப்ரல் 1ஆம் தேதி வெளியேற்றியது. அரசியலமைப்பைவிடக் கட்சியின் கட்டளைக்கே அவர்கள் கட்டுப்பட்டவர்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஐவருமே மீண்டும் வென்றார்கள். மூவர் மறுபடியும் வெளியேற்றப்பட, மற்ற இருவரும் ராஜினாமா செய்தார்கள். இன்றைய டி.எஸ்.ஏ.வுக்கு அப்படிப்பட்ட கட்டளை அதிகாரம் இல்லை. பதவியில் இருப்பவர்களும் கிளைப் பிரதிநிதிகளும் சேர்ந்த ஒரு குழு 2020க்குப் பிறகு உருவானது. எந்த மசோதாவை முன்னெடுப்பது, எதில் எப்படி வாக்களிப்பது என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். மாநில மின்வாரியமே சூரிய, காற்றாலை மின்நிலையங்களைக் கட்ட வழிசெய்து 2023இல் நிறைவேறிய சட்டம், அந்தக் கூட்டு உழைப்புக்குக் கிடைத்த பெரிய பலன்.

பதவியில் இருப்பவர் கிளையின் வழியிலிருந்து விலகிப்போனால் அதன் கையில் இருப்பது ஆதரவைத் திரும்பப் பெறுவது அல்லது அடுத்த முறை தராமல் இருப்பது மட்டுமே. 2021இல் இஸ்ரேலின் ஏவுகணைத் தடுப்பு அமைப்புக்கு நூறு கோடி டாலர் தரும் மசோதாவை நாடாளுமன்ற உறுப்பினர் ஜமால் போமன் ஆதரித்தபோது, அவரை அமைப்பிலிருந்து நீக்கச் சொல்லிப் பல கிளைகள் போர்க்கொடி தூக்கின. டி.எஸ்.ஏ.வின் தேசியக் குழு நீக்க மறுத்தது. தேசிய ஆதரவும் உள்ளூர் ஆதரவும் வேறு வேறு என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கிளை முதலில் ஆதரித்து, பிறகு விண்ணப்பித்தால்தான் தேசியக் குழு பரிசீலிக்கும். 2024இல் ஒகாசியோ-கோர்டெஸுக்குத் தேசியக் குழு நிபந்தனைகளோடு ஆதரவு அறிவித்து, ஜூலையில் அதை விலக்கிக்கொண்டது. நியூயார்க் கிளையின் ஆதரவு அப்படியே தொடர்ந்தது. கதவு தட்டும் தொண்டர்கள் கிளையில் இருப்பதால், அவருடைய பிரசாரத்தில் பெரிய மாற்றம் ஏதும் நேரவில்லை.

ஆதரவு மறுக்கப்படுவதும் இதே வழியில்தான் நடக்கிறது. 2025 நவம்பரில், நாடாளுமன்றக் கீழவையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஹகீம் ஜெஃப்ரீஸை எதிர்த்து நிற்க விரும்பிய நகரமன்ற உறுப்பினர் சி ஓசே கிளையிடம் ஆதரவு கேட்டார். மேயராகத் தேர்வாகிப் பதவியேற்கக் காத்திருந்த மம்தானி நேரில் வந்து, வேண்டாம் என்று உறுப்பினர்களிடம் வாதாடினார். வாக்கெடுப்பு நெருக்கமாக இருந்தது. ஓசேவுக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் போட்டியிலிருந்து விலகினார்.